சி செயற்கூறுகளுக்குள் அசெம்பிளி: கெர்னல் நிரலாக்கத்தின் ஒரு வழக்கம் குறித்த விமர்சனம்

இயங்குதளத்தின் கெர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகிறது. ஆனால் செயலி அறிந்த கட்டளைகள் எல்லாவற்றையும் சி மொழியால் சொல்ல முடியாது. குறுக்கீடுகளை நிறுத்துதல், பக்க அட்டவணையின் முகவரியைக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஏற்றுதல், வன்பொருளின் போர்ட் ஒன்றிலிருந்து ஒரு பைட்டைப் படித்தல் ஆகியவற்றுக்கு அம்மொழியில் சொற்களே இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தேவையான கட்டளைகளைத் தனி அசெம்பிளிக் கோப்பில் எழுதி, அவற்றைச் செயற்கூறுகளாக அழைப்பது. மற்றொன்று, சி செயற்கூறின் உடலுக்குள்ளேயே ஏ.எஸ்.எம். என்ற கூற்றின் மூலம் அசெம்பிளி வரிகளைப் பொதித்து வைப்பது. இரண்டாவது வழியே இன்று கெர்னல் நிரலாக்கத்தில் பரவலாக உள்ளது. இக்கட்டுரை ஆராய்வதும் அதையே.

பாடநூல்கள் இவ்வழக்கத்துக்கு இரண்டு காரணங்கள் கூறும்: வேகம், வன்பொருளை நேரடியாகத் தொடும் வசதி. இரண்டும் உண்மையே. எனினும் இவ்விரண்டை மட்டும் கற்ற மாணவர், அசெம்பிளி வரியைச் செயலிக்கு இடும் ஆணையாக மட்டுமே பார்க்கிறார். ஏ.எஸ்.எம். கூற்றின் பெரும்பகுதி செயலியிடம் பேசுவதில்லை, கம்பைலரிடம் பேசுகிறது. எந்தப் பதிவகம் மாறும், எந்த நினைவகம் படிக்கப்படும், எந்த வரிசையைக் குலைக்கக் கூடாது என்று அது கம்பைலருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் உண்மையா என்பதை எவரும் சரிபார்ப்பதில்லை. பொய்யாக எழுதினாலும் நிரல் தொகுக்கப்படும். பல மாதங்கள் ஓடவும் செய்யும். பின்னொரு நாள் உகப்பாக்கத்தின் அளவை ஒருபடி கூட்டினாலோ கம்பைலரின் புதிய பதிப்பை நிறுவினாலோ கெர்னல் துவங்கும்போதே நின்றுவிடும். மாணவரோ சிறிதும் மாறாத தம் நிரலில் வழுவைத் தேடிக்கொண்டிருப்பார்.

தனிக் கோப்பிலிருந்து செயற்கூறுக்குள்

1973இல் யூனிக்ஸ் சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டபோது, வன்பொருள் சார்ந்த பகுதி தனி அசெம்பிளிக் கோப்பாகவே நின்றது. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் பிடிபி-11 கணினியின் 40 மாதிரிக்கு ஒரு கோப்பும் 45, 70 மாதிரிகளுக்கு மற்றொரு கோப்பும் இருந்தன. குறுக்கீட்டு முன்னுரிமையை உயர்த்துவது போன்ற சிறு வேலைகளும் அக்கோப்புகளில் செயற்கூறுகளாக எழுதப்பட்டு, சி நிரலிலிருந்து அழைக்கப்பட்டன. ஒற்றைக் கட்டளைக்காக ஒரு செயற்கூறு அழைப்பு என்பது வீண்செலவுதான். ஆனால் எல்லை தெளிவாக இருந்தது. சி கோப்பில் அசெம்பிளி இல்லை. அழைப்பு விதிகளை மீறாத வரை கம்பைலருக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

வேக்ஸ் கணினிகளில் இச்செலவு பெரிதாகத் தெரிந்தது. அதன் செயற்கூறு அழைப்புக் கட்டளை பல வேலைகளைச் சேர்த்துச் செய்வது, ஆகவே மெதுவானது. பெர்க்லி யூனிக்ஸின் 4பிஎஸ்டி வரிசையில் இதற்கு ஒரு விசித்திரமான தீர்வு கையாளப்பட்டது. கம்பைலர் வெளியிட்ட அசெம்பிளி உரையை செட் போன்ற உரைத்திருத்தி நிரல் ஒன்றின் வழியே செலுத்தி, முன்னுரிமைச் செயற்கூறுகளுக்கான அழைப்பு வரிகளைக் கண்டுபிடித்து, அவ்விடத்தில் உரிய கட்டளைகளை ஒட்டிவிட்டனர். கம்பைலருக்கு இது தெரியவே தெரியாது. கேட்பதற்கு முரட்டு வேலை போலத் தோன்றினாலும் இதில் ஒரு நேர்மை உண்டு. அங்கே செயற்கூறு அழைப்பு நடக்கிறது என்றே கம்பைலர் கருதியதால், அழைப்பைச் சுற்றி எடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்தது. நினைவகத்திலிருந்த மதிப்புகளைப் பதிவகத்தில் தேக்கி வைத்துக்கொள்ளவில்லை. வேகம் கிடைத்தது; பாதுகாப்பும் குறையவில்லை.

அக்காலச் சி கம்பைலர்கள் சிலவற்றில் ஏ.எஸ்.எம். கூற்று இருந்தது. அது மேற்கோளுக்குள் உள்ள உரையை அப்படியே வெளியீட்டில் இறக்கிவிடும், அவ்வளவே. சி மாறிகளோடு அதை இணைக்க வேண்டுமானால், எந்த மாறியைக் கம்பைலர் எந்தப் பதிவகத்தில் வைக்கும் என்பதை ஊகித்து எழுத வேண்டியிருந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி இந்த நிலையை மாற்றியது. ஜிசிசி தன் உள்ளே ஒவ்வொரு செயலியின் கட்டளையையும் வருணிக்க வார்ப்புருவும் நிபந்தனை எழுத்துகளும் கொண்ட ஒரு முறையைப் பயன்படுத்துகிறது. அதே முறை பயனருக்கும் திறந்துவிடப்பட்டது. அதாவது ஏ.எஸ்.எம். எழுதும் ஒவ்வொருவரும் கம்பைலரின் செயலி வருணனைக்கு ஒரு வரியைத் தாமே சேர்க்கிறார். கருத்தளவில் இது மிகச் சிறந்த வடிவமைப்பு. ஆனால் கம்பைலரின் உட்கோப்புகளை எழுதியவர்கள் கம்பைலரை அறிந்தவர்கள். அந்த அறிவு கெர்னல் எழுதும் அனைவருக்கும் உண்டு என்ற எடுகோளும் இவ்வடிவமைப்போடு சேர்ந்தே வந்தது.

ஒப்பந்தத்தின் நான்கு பகுதிகள்

விரிவாக்கப்பட்ட ஏ.எஸ்.எம். கூற்று முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலில் கட்டளை வார்ப்புரு, அடுத்து வெளியீடுகள், பிறகு உள்ளீடுகள், கடைசியில் கட்டளைகளால் மாறிவிடும் பிற இடங்களின் பட்டியல். கடைசிப் பகுதியை இங்கே சிதைவுப் பட்டியல் எனலாம். ஆர் என்ற எழுத்து ஏதேனும் ஒரு பதிவகத்தையும், எம் என்ற எழுத்து நினைவக இடத்தையும் குறிக்கும். சமக்குறி முன்னால் வந்தால் எழுதப்படும் இடம். கூட்டல் குறி வந்தால் படித்து எழுதப்படும் இடம். எல்லா உள்ளீடுகளையும் படித்து முடிக்கும் முன்பே எழுதப்பட்டுவிடும் வெளியீட்டுக்கு உம்மைக் குறி தனியே இட வேண்டும். அதை மறந்தால் ஓர் உள்ளீடும் அந்த வெளியீடும் ஒரே பதிவகத்தில் அமர்ந்துவிட வாய்ப்புண்டு.

இவற்றுள் மாணவரை அதிகம் ஏமாற்றுபவை இரண்டு: வாலடைல் என்ற சொல்லும், சிதைவுப் பட்டியலில் இடப்படும் மெமரி என்ற சொல்லும். வாலடைல் என்றால் கம்பைலர் அக்கூற்றை நீக்காது. பிற வாலடைல் கூற்றுகளோடு அதன் வரிசையையும் மாற்றாது. அதைச் சுற்றியுள்ள சாதாரண நினைவகப் படிப்புகளும் எழுத்துகளும் இந்த உறுதிக்குள் அடங்கா. அவற்றை அங்கிருந்து நகரவிடாமல் தடுப்பது மெமரி என்ற சொல்லே. குறுக்கீட்டை நிறுத்தும் கட்டளைக்கு வாலடைல் மட்டும் இட்டால், குறுக்கீடு நிற்பது உறுதி. நின்ற பிறகே பகிர்வு மாறி படிக்கப்படும் என்பது உறுதியில்லை.

லினக்ஸ் கெர்னலில் பேரியர் என்றொரு மேக்ரோ உண்டு. அது ஒரு வாலடைல் ஏ.எஸ்.எம். கூற்று, வார்ப்புரு வெறும் வெற்று மேற்கோள், சிதைவுப் பட்டியலில் மெமரி மட்டும் இருக்கும். இதிலிருந்து ஒரு கட்டளைகூடப் பிறக்காது. ஆயினும் கெர்னலின் பல பகுதிகள் இதை நம்பியே சரியாக இயங்குகின்றன. இவ்வழக்கத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

எக்ஸ்வி6 தரும் பாடம்

மாணவர்கள் பலர் முதலில் காணும் உள்ளக அசெம்பிளி, எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2006இல் பாடத்துக்காக உருவாக்கப்பட்ட எக்ஸ்வி6 இயங்குதளத்தில்தான். ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் அமைப்பை எக்ஸ்86 செயலிக்கு ஏற்ப மறுபடி எழுதியது அது. அதன் எக்ஸ்86 தலைப்புக் கோப்பு சில பக்கங்களே கொண்டது. உலகெங்கும் மாணவர் கெர்னல்களுக்குள் பிரதி எடுக்கப்படுவது. ஆகவே அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும்.

எல்ஜிடிடி என்ற செயற்கூறு, நினைவகப் பிரிவுகளின் அட்டவணை எங்குள்ளது என்பதைச் செயலிக்குச் சொல்வது. மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு சிறு அணியில் அட்டவணையின் அளவும் முகவரியும் எழுதப்படுகின்றன. பின் அந்த அணியின் முகவரி ஒரு பதிவகத்தில் வைக்கப்பட்டு அசெம்பிளிக் கட்டளைக்குக் கொடுக்கப்படுகிறது. ஒப்பந்தத்தின்படி உள்ளீடு அந்த முகவரி மட்டுமே. அம்முகவரியில் உள்ள மதிப்புகளைக் கட்டளை படிக்கும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அணியில் எழுதிய மூன்று மதிப்புகளையும் எவரும் படிப்பதில்லை என்று கம்பைலர் முடிவு செய்து அவற்றை நீக்கிவிட அதற்கு முழு உரிமை உண்டு. நீக்கினால், செயலி குப்பையான ஓர் அட்டவணையை ஏற்றிக்கொள்ளும். கணினி மீளத் துவங்கும். எக்ஸ்வி6இல் அவ்வாறு நேராததற்குக் காரணம் அந்த அணி வாலடைல் என அறிவிக்கப்பட்டிருப்பது. அந்த ஒரு சொல்லே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அது ஏன் அங்குள்ளது என்று அருகில் விளக்கம் எதுவும் இல்லை. பிரதி எடுக்கும் மாணவர் அதைத் தேவையற்றது எனக் கருதி அழித்துவிட்டால், உகப்பாக்கம் இல்லாத வரை எந்தத் தீங்கும் தெரியாது. எம் என்ற நிபந்தனையோடு அணியையே உள்ளீடாகக் கொடுத்திருந்தால் ஒப்பந்தம் உண்மையாகியிருக்கும்.

அதே கோப்பில் குறுக்கீட்டை நிறுத்தும் சிஎல்ஐ செயற்கூறு முக்காற்புள்ளிகள் எதுவுமின்றி ஒரே சொல்லாக எழுதப்பட்டுள்ளது. பட்டியலே இல்லாத இந்த வெற்று வடிவத்துக்குக் கம்பைலர் எவ்வளவு மதிப்பளிக்கும் என்பது கம்பைலரையும் அதன் பதிப்பையும் பொறுத்தது. பக்க அட்டவணையை மாற்றும் செயற்கூறுக்கு உள்ளீடு உண்டு. மெமரி என்ற சொல் இல்லை. முழு முகவரி வெளியையும் புரட்டிப் போடும் கட்டளை, தான் நினைவகத்தைத் தொடவில்லை என்று கையெழுத்திடுகிறது. பிற்காலத்தில் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு எழுதப்பட்ட எக்ஸ்வி6இன் பரவலாகப் படிக்கப்படும் பதிப்புகளிலும் நிலைப் பதிவகத்தில் எழுதும் செயற்கூறு இவ்வாறே உள்ளது.

அப்படியானால் எக்ஸ்வி6 எப்படிச் சரியாக ஓடுகிறது? பூட்டைப் பெறும் செயற்கூறு வேறு கோப்பில் உள்ளது. பிற கோப்புகளைத் தொகுக்கும்போது கம்பைலருக்கு அதன் உடல் தெரியாது. எனவே அந்த அழைப்பு எந்த நினைவகத்தையும் மாற்றக்கூடும் என்று அது அஞ்சுகிறது. வேக்ஸ் காலத்துச் செயற்கூறு அழைப்பு தந்த அதே பாதுகாப்பு இங்கே தற்செயலாகக் கிடைக்கிறது. பூட்டுச் செயற்கூறுக்குள்ளும் தனியே ஒரு நினைவகத் தடை இடப்பட்டிருக்கிறது. அந்தக் குறுங்கூற்றுகளைத் தனியே எடுத்துப் பயன்படுத்துவோருக்கு இவ்வேலிகள் எதுவும் உடன் வருவதில்லை. பாடத்துக்கான கெர்னலில் சுருக்கம் ஒரு நற்பண்பு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிரதி எடுக்கப்படும் என்று தெரிந்த கோப்பில் ஒப்பந்தத்தை முழுமையாக எழுதுவதால் ஒரு வரிகூட நீளாது. ஒரு சொல்தான் கூடும்.

எக்ஸ்வி6இன் சிறப்பையும் சொல்ல வேண்டும். பணிகளுக்கிடையே மாறும் செயற்கூறு அங்கே முதலிலிருந்தே தனி அசெம்பிளிக் கோப்பாக உள்ளது. எக்ஸ்86 பதிப்பில் பூட்டுக்கான மாற்றிடும் கட்டளை அசெம்பிளியாக எழுதப்பட்டது. பூட்டை விடுவிக்கும் ஒற்றை எழுத்தும் அவ்வாறே எழுதப்பட்டு, உண்மையான இயங்குதளம் சி மொழியின் சொந்த வசதியைப் பயன்படுத்தும் என்ற குறிப்பும் அருகில் இடப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் அவ்விரண்டும் மறைந்து, கம்பைலரே வழங்கும் உள்ளமைச் செயற்கூறுகள் வந்துவிட்டன. பாடநிரல் தன் குறிப்பைத் தானே நிறைவேற்றியது எனலாம்.

லினக்ஸ்: சாதனையும் சுமையும்

1991இல் வெளியான லினக்ஸ் 0.01இல், சரங்களைக் கையாளும் செயற்கூறுகள் ஒரு தலைப்புக் கோப்பில் உள்ளக அசெம்பிளியாகவே எழுதப்பட்டிருந்தன. 386 செயலியின் சரக் கட்டளைகளைக் கையால் அடுக்கிய அந்நிரலை வேகத்துக்காக எழுதப்பட்டது என்று கொள்ளலாம். ஒரு சரத்தைப் பிரதி எடுக்கும் செயற்கூறில் மூலச் சுட்டும் இலக்குச் சுட்டும் இரு குறிப்பிட்ட பதிவகங்களில் உள்ளீடாகத் தரப்பட்டு, அதே பதிவகங்கள் சிதைவுப் பட்டியலிலும் இடம்பெற்றன. அன்றைய ஜிசிசி இதை ஏற்றது. உள்ளீடும் சிதைவும் ஒரே இடமாக இருக்கக் கூடாது என்று பின்வந்த பதிப்புகள் விதித்தன. ஆகவே பழைய லினக்ஸை இன்றைய ஜிசிசியில் தொகுக்க முயல்வோர் முதலில் திருத்த வேண்டியவற்றுள் இவ்வரிகளும் உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. ஒப்பந்த வரிகள் நிற்கவில்லை. ஏனெனில் அவை எந்தத் தரநிலையாலும் வரையறுக்கப்பட்டவை அல்ல. சி தரநிலை ஏ.எஸ்.எம். சொல்லைப் பரவலான நீட்சிகளுள் ஒன்றாகப் பின்னிணைப்பில் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

வேகம் என்ற வாதமும் நெடுநாள் நீடிக்கவில்லை. சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடும் ஒற்றைக் கட்டளை, பிற்காலச் செயலிகளில் சாதாரண சி சுழற்சியைவிடப் பின்தங்கியது. கம்பைலரால் அசெம்பிளி வரிகளுக்குள் நுழைந்து மேம்படுத்த இயலாது என்பதால், கையால் செதுக்கிய நிரல் செதுக்கிய நாளோடு உறைந்துவிடுகிறது.

எனினும் லினக்ஸ் இவ்வசதியை வேறொரு திசையில் கொண்டு சென்றது. அதை வெறும் வேகம் என்று சுருக்குவது பிழை. பயனர் நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பைப் படிக்கும்போது அந்த முகவரி தவறாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சோதிப்பது வீண்வேலை. எனவே படிக்கும் கட்டளையின் முகவரியையும், பிழை நேர்ந்தால் தாவ வேண்டிய முகவரியையும் அதே ஏ.எஸ்.எம். கூற்று தனியொரு பகுதியில் அட்டவணையாக எழுதி வைக்கிறது. பிழை நேரும்போது கெர்னல் அட்டவணையைப் பார்த்து மீள்கிறது. பிழையற்ற பாதையில் கூடுதல் செலவு ஏறத்தாழ இல்லை. பிளவுபடாத செயல்களுக்கு முன் வரும் லாக் முன்னொட்டின் முகவரிகளும் இவ்வாறே குறித்து வைக்கப்படுகின்றன. ஒரே செயலியுள்ள கணினியில் துவங்கும்போது அம்முன்னொட்டுகளைக் கெர்னல் செயலற்றதாக்கிவிடும். ஒரு கட்டளையின் முகவரியை அறிந்து, அதே வேளையில் சி மாறிகளோடும் பிணைந்திருக்கும் இத்தகைய நிரலைத் தனி அசெம்பிளிக் கோப்பில் எழுத முடியாது. உள்ளக அசெம்பிளிக்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை.

ஜிசிசி 4.5இல் வந்த தாவல் வடிவமும் இவ்வகையே. அசெம்பிளியிலிருந்து சி செயற்கூறின் முத்திரைகளுக்குத் தாவ அது இடம் தந்தது. எப்போதேனும் மட்டுமே இயக்கப்படும் கண்காணிப்பு நிரல்களை, அணைந்திருக்கும்போது ஒரு வெற்றுக் கட்டளையளவுக்குச் சுருக்க லினக்ஸ் அதைப் பயன்படுத்தியது. பயன் பெரிது, விலையும் இருந்தது. 2018இல் எக்ஸ்86 கெர்னல் 4.17 பதிப்பிலிருந்து இவ்வடிவத்தைக் கட்டாயமாக்கியது. கிளாங் கம்பைலர் 2019இல் வெளியான தன் 9ஆம் பதிப்பில்தான் அதை ஆதரித்தது. இடைப்பட்ட காலத்தில் கிளாங் வழியே எக்ஸ்86 கெர்னலைத் தொகுக்க விரும்பியோர் கெர்னலைத் திருத்தியே தொகுக்க வேண்டியிருந்தது. சி மொழியில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் கெர்னல், உண்மையில் ஒரு கம்பைலரின் வட்டார வழக்கில் எழுதப்பட்டது என்பதை அக்காலம் காட்டியது.

நுணுக்கம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்குக் கொடிப் பதிவகத்தைப் படிக்கும் இருவரிச் செயற்கூறு சான்று. கொடிகளை அடுக்கில் தள்ளு. பிறகு வெளியீட்டுக்கு எடு. வெளியீடு பதிவகமாகவோ நினைவகமாகவோ இருக்கலாம் என்று நிபந்தனை அனுமதிக்கிறது. நினைவகம் எனில், அம்முகவரியைக் கம்பைலர் அடுக்குச் சுட்டிலிருந்து இத்தனை பைட்டு தொலைவு என்று கணக்கிட்டிருக்கலாம். ஆனால் தள்ளும் கட்டளை அடுக்குச் சுட்டை 8 பைட்டு இறக்கிவிட்டது. கம்பைலருக்கு அது தெரியாது. மதிப்பு தவறான இடத்தில் விழ வேண்டும். விழுவதில்லை, ஏனெனில் எடுக்கும் கட்டளை முதலில் சுட்டை உயர்த்திவிட்டுப் பிறகே இலக்கு முகவரியைக் கணக்கிடும் என்று செயலியின் கையேடு வரையறுக்கிறது. லினக்ஸில் இதை விளக்கும் குறிப்பு அருகிலேயே உள்ளது என்பது பாராட்டுக்குரியது. ஆனால் இரண்டு வரிகளின் சரித்தன்மைக்குக் கம்பைலரின் உள்வழக்கமும் செயலிக் கையேட்டின் ஓர் அடியும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. இதே செயற்கூறை 64 இருமப் பயனர் நிரலுக்குள் ஒட்டினால் கதை வேறு. அங்கே அடுக்குச் சுட்டுக்குக் கீழே 128 பைட்டுகளைச் செயற்கூறு தன் மாறிகளுக்குச் சுட்டை நகர்த்தாமலே பயன்படுத்தலாம் என அழைப்பு விதி அனுமதிக்கிறது. தள்ளப்பட்ட கொடிகள் அம்மாறிகளின் மேல் எழுதப்படும். கெர்னல் அந்த வசதியை அணைத்தே தொகுக்கப்படுவதால் அங்கே இச்சிக்கல் எழுவதில்லை.

ஒப்பந்தத்தை மனிதர் மட்டும் மீறுவார் என்பதும் இல்லை. கட்டுப்பாட்டுப் பதிவகங்களைப் படிக்கும், எழுதும் செயற்கூறுகளில் எதற்கும் பயன்படாத ஒரு போலி மாறி லினக்ஸில் நெடுங்காலம் உள்ளீடாகவும் வெளியீடாகவும் கொடுக்கப்பட்டு வந்தது. அவற்றின் வரிசை மாறாதிருக்கவே அந்த ஏற்பாடு. வாலடைல் ஒன்றே அதற்குப் போதும் என்பதுதான் விதி. ஆனால் ஜிசிசியின் 4.9, 5 வரிசைகளில் அவ்விதியை மீறக்கூடிய வழு இருந்தது. 2020இல்தான் போலி மாறி நீக்கப்பட்டு வேறு முறை வந்தது.

வேறொரு கோளாறு இன்னும் வேடிக்கையானது. ஒரு செயற்கூறை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதலாமா என்று தீர்மானிக்க ஜிசிசி அதன் அளவை மதிப்பிடும். அசெம்பிளியை அது படிப்பதில்லை என்பதால், வார்ப்புருவில் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணி அத்தனை கட்டளைகள் எனக் கொள்ளும். லினக்ஸின் வார்ப்புருக்களிலோ பல வரிகள் வேறு பகுதிகளில் அட்டவணை எழுதுபவை. செயற்கூறின் அளவோடு தொடர்பற்றவை. விளைவாக, ஒரே ஒரு கட்டளை கொண்ட செயற்கூறு பூதாகரமானதாகக் கருதப்பட்டு விரிக்கப்படாமல் போனது. 2018இல் அசெம்பிளர் மேக்ரோக்களைக் கொண்டு இதைச் சுற்றிச் செல்லும் ஏற்பாடு கெர்னலில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஜிசிசி 9இல், அளவை மிகக் குறைவாக எடுத்துக்கொள் என்று சொல்லும் புதிய சொல் ஒன்று ஏ.எஸ்.எம். கூற்றுக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தில் இன்னொரு உட்பிரிவு.

பின்வாங்கலும் உண்டு. பணி மாற்றும் நிரல் லினக்ஸில் 0.01 முதல் தலைப்புக் கோப்பில் உள்ளக அசெம்பிளியாகவே இருந்தது. 32 இரும வடிவத்தில், ஏறத்தாழ எல்லாப் பதிவகங்களும் மாறும் என்பதைத் தெரிவிக்க, பயன்படாத மாறிகளை வெளியீடுகளாக அறிவிக்கும் உத்தியும் அதில் இருந்தது. 2016இன் இறுதியில் வெளியான 4.9 பதிப்பில் அது தனி அசெம்பிளிச் செயற்கூறாக மாற்றப்பட்டது. அடுக்கையே மாற்றும் ஒரு வேலையைக் கம்பைலருக்கு வருணித்துப் புரியவைக்க முடியாது. ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் அந்த வேலையை எங்கே வைத்திருந்ததோ, லினக்ஸ் கால் நூற்றாண்டுக்குப் பின் அங்கே வந்து சேர்ந்தது.

மாற்று வழிகள்

மைக்ரோசாஃப்ட் தன் 64 இரும எக்ஸ்86 கம்பைலரில் உள்ளக அசெம்பிளியை அறவே நீக்கிவிட்டது. குறுக்கீட்டை நிறுத்துதல், கட்டுப்பாட்டுப் பதிவகத்தைப் படித்தல் போன்றவற்றுக்கு உள்ளமைச் செயற்கூறுகள் தரப்பட்டன. மற்றவை தனி அசெம்பிளிக் கோப்புக்குப் போயின. உள்ளமைச் செயற்கூறின் பொருளைக் கம்பைலரே அறிந்திருப்பதால் நிரலர் பொய் சொல்ல வழியில்லை. ஆனால் கம்பைலர் தயாரிப்பாளர் வழங்காத கட்டளை நிரலருக்கு எட்டாது. கெர்னலும் கம்பைலரும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும்போது இது சிரமமில்லை. புதிய செயலிகளின் கட்டளைகளைக் கம்பைலர் அறியும் முன்பே பயன்படுத்த விரும்பும் லினக்ஸ் போன்ற திட்டத்துக்கு இது பொருந்தாது. பெல் ஆய்வகத்தின் பிளான் 9, செயற்கூறு அழைப்பின் செலவை ஏற்றுக்கொண்டு தனிக் கோப்போடு நின்றது.

ரஸ்ட் மொழி 2022இல் 1.59 பதிப்பில் நிலைப்படுத்திய அசெம்பிளி வடிவம் இங்கே கவனிக்கத்தக்கது. ஜிசிசியில் நிரலர் ஒன்றும் சொல்லாவிட்டால் நினைவகம் தொடப்படவில்லை என்று பொருள். ரஸ்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் நினைவகம் படிக்கப்பட்டிருக்கலாம், எழுதப்பட்டிருக்கலாம், அடுக்கு தொடப்பட்டிருக்கலாம், கொடிகள் மாறியிருக்கலாம் என்று பொருள். இவற்றில் எது நிகழாது என்பதையே நிரலர் எழுதித் தர வேண்டும். மறதியின் விலை ஜிசிசியில் கெட்டுப்போன நினைவகம். ரஸ்டில் சற்று மெதுவான நிரல். மேலே கண்ட எக்ஸ்வி6 வரிகளை அம்மொழியில் அதே அலட்சியத்தோடு எழுதியிருந்தாலும், எல்ஜிடிடி அணிக்கு வாலடைல் தேவைப்பட்டிருக்காது. பக்க அட்டவணை மாற்றமும் சரியான இடத்தில் நின்றிருக்கும். கொடிகளைப் படிக்கும் இருவரியில் அடுக்கு தொடப்படும் என்பதும் சொல்லாமலே கணக்கில் கொள்ளப்பட்டிருக்கும்.

லினக்ஸ் கெர்னல் 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் ரஸ்ட் மொழிக்கான அடித்தளத்தை ஏற்றது. எனினும் அதன் சி பகுதியில் உள்ள ஏ.எஸ்.எம். கூற்றுகள் அனைத்தும் ஜிசிசியின் பழைய விதிப்படியே உள்ளன. அவ்விதியை நம்பி எழுதப்பட்ட நிரல் ஏராளமாக இருப்பதால் அதைப் புரட்டிப் போடுவதும் எளிதல்ல. ஆகவே லினக்ஸையோ எக்ஸ்வி6ஐயோ படிக்கும் மாணவர், ஒவ்வொரு கூற்றிலும் முதலில் கடைசி முக்காற்புள்ளிக்குப் பின் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அங்கே ஒன்றும் இல்லையெனில், அவ்விடத்தைக் காப்பது எது என்று தேட வேண்டும்: அருகிலுள்ள வாலடைல் அறிவிப்பா, வேறு கோப்பில் உள்ள செயற்கூறா, தொகுக்கும்போது இட்ட ஒரு தெரிவா என்று.